கறுப்புக் கல்லும் ஒரு சிரட்டைப் பாலும்

மத்தியாஸ் அண்ணனின் கம்ப்ரசர் வண்டி தோட்டத்து முனையில் வந்து நின்றபோது, ரெனிஷா பாம்புக்கல்லின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, எறங்கு. கல்லு ஒடைக்கணும்" என்றார் மத்தியாஸ். தோளில் துளையிடும் இயந்திரம். காதில் பஞ்சு.

"பன்னெண்டு மணி வரைக்கும் ஒடைக்கப்பிடாது அண்ணா. ராஜையன் மாமா வாக்கு தந்திருக்காங்க."

"அதுக்கு ரெண்டு காலையும் கல்லுல தூக்கி வச்சுட்டா இருக்க? காய்ச்சல் வராதா?"

ரெனிஷாவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் இறங்கவில்லை.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதற்குள் ஆறு வீடுகள். அந்த ஆறு வீட்டுக்கும் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையின் குறுக்கே, வெளிறிய பாறையைப் பிளந்துகொண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல் நீளமாகப் படுத்திருந்தது. அதற்குப் பாம்புக்கல் என்று பெயர். அதைத் தாண்ட ஒரு விதி உண்டு. ஒரே காலை ஊன்றி, ஒரே எட்டில் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். இரண்டு காலும் பட்டால் காய்ச்சல் வரும்!

"அதெல்லாம் சும்மா" என்பார்கள் பெரியவர்கள். சொல்லிக்கொண்டே ஒற்றைக் காலில்தான் தாண்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போதுகூட, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே எட்டு.

அதனால்தான் அந்தக் கல்லின் மேல் யாரும் நின்று பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ரெனிஷா தாண்டும்போது கால் வழுக்கியது. குப்புற விழுந்தாள். கன்னம் கல்லில் ஒட்டியிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே புகுந்து வந்த இளவெயில் கல்லின் மேல் படுத்தபடி பாய்ந்தது. அப்போது பார்த்தாள். திமில் வைத்த மாடுகள்! ஒன்றன் பின் ஒன்றாக, கறுப்புக் கல்லின் மேலேயே நடந்து போயின. எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளால் கொத்திய மாடுகள்.

அவள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வருவதற்குள் வெயிலை மேகம் மறைத்துவிட்டது. மாடுகளும் மறைந்துவிட்டன. அடுத்தடுத்த நாள் காலையிலும் மேகமூட்டம். தோட்டத்துக்காரர் ராஜையன் மாமா வந்து, குனிந்து பார்த்து, "மாடும் இல்ல, ஆடும் இல்ல. விழுந்த வேகத்துல உனக்குக் கண்ணுல பூச்சி பறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் வகுப்பு ஜெபகனி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. யாருக்கோ போன் செய்தார். சனிக்கிழமை காலை தொல்லியல் அலுவலர் ஒருவர் நாகர்கோவிலிலிருந்து வருவதாகச் சொன்னார்.

அதே சனிக்கிழமைதான் கம்ப்ரசர் வண்டியும் வந்து நிற்கிறது.

ராஜையன் மாமா கெட்டவர் இல்லை. போன மாதம் மழையில் அவர் மனைவி தங்கபாய் மாமி வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பாம்புக்கல்லைத் தாண்டி ஆட்டோ வராது. நான்கு பேர் மாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லைத் தாண்டும்போது நாற்காலி சரிந்து, மாமி போட்ட அலறல் ரெனிஷாவுக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள்தான் மாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

திங்கட்கிழமை மாமி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மத்தியாஸ் அண்ணனுக்கு இன்று விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் நேரம். வழி வேண்டும். அது ரெனிஷாவுக்கும் தெரியும்.

ஆனால் அந்த மாடுகள்?

"ஏலே சிஜின், ஜீப்பு வருதா பாரு!"

மூன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி சிஜின், பலாமரக் கிளையில் இருந்து கத்தினான். "ஜீப்பு இல்ல. ஒரு பன்னி வருது!"

மணி பதினொன்றே முக்காலுக்கு ஜீப் வந்தது.

இறங்கியவர் தொல்லியல் அலுவலர் லட்சுமிப்ரியா. தோளில் பை, காலில் சேறு படிந்த ஷூ. "மன்னிச்சிக்கோ, வழியில மரம் விழுந்து கிடந்தது" என்று முதலில் ரெனிஷாவிடம்தான் சொன்னார். அதனாலேயே ரெனிஷாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் கல்லைப் பார்த்ததும் கண்களை அகலத் திறந்தார். "அட, நல்ல கல்லு. இது எப்படி இங்க வந்ததுன்னு தெரியுமா?"

"பாம்பு செத்து கல்லாப் போச்சு" என்றான் மரத்திலிருந்து இறங்கி வந்த சிஜின்.

"அதைவிடப் பெரிய கதை இருக்கு. பல கோடி வருஷத்துக்கு முன்னால தரைக்கு அடியில பாறையே உருகிக் குழம்பாக் கொதிச்சுது. மேல இருந்த வெள்ளைப் பாறையில ஒரு விரிசல். அதுக்குள்ள குழம்பு ஏறி வந்துச்சு. வெளியே கொட்டுறதுக்கு முன்னாலேயே இறுகிப் போச்சு. வாய் திறக்காத எரிமலைன்னு வச்சுக்கோ. சுத்தி இருந்த பாறை மழையில கரைஞ்சு போச்சு. இது மட்டும் கரையாம நிக்குது."

சிஜின் சட்டென்று ஒரு காலைத் தூக்கினான். "எரிமலையா? சுடாதா?"

"அது ஆறி எத்தனையோ காலம் ஆச்சு."

"எங்க அம்மா ஆறின தோசைக்கல்லையே தொடவிட மாட்டாங்க" என்றான் அவன் சந்தேகத்தோடு.

லட்சுமிப்ரியா மண்டியிட்டுக் கல்லைப் பார்த்தார். உச்சி வெயில் நேராக இறங்கி, கல் பளபளத்தது. விரலால் தடவினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கையால் நிழல் போட்டுப் பார்த்தார். பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்தார். அந்த வெயிலில் டார்ச் எரிகிறதா என்பதே தெரியவில்லை.

ரெனிஷா அவர் முகத்தையே பார்த்தாள்.

"கல்லு முழுக்கச் சொரசொரன்னுதான் இருக்கு" என்றார் லட்சுமிப்ரியா. "கொத்தினதா, தானா ஆனதான்னு விரலுக்குப் பிடிபடல. கொத்தின புதுசுல புள்ளி வெளிறித் தெரியும். நாள் ஆக ஆக மறுபடி கறுத்துடும். மாடும் கறுப்பு, கல்லும் கறுப்பு. வெயில் சாய்ஞ்சு விழுந்தாத்தான் பள்ளம் நிழல் காட்டும்."

"நான் பாத்தேன் மேடம். சத்தியமாப் பாத்தேன்!"

"நீ பொய் சொல்றேன்னு நான் நினைக்கல. ஆனா அடையாளம் ஒண்ணும் இல்லாம அடுத்தவர் வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லையே. ஒரு மணிக்கு நான் வேற இடத்துக்குக் கிளம்பணும்."

ராஜையன் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து.

"பாத்தியளா மேடம்? ஒண்ணும் இல்லல்லா? நான் வாக்குத் தந்த நேரம் முடிஞ்சு போச்சு. மத்தியாசே, போடு!"

கம்ப்ரசர் உறுமியது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. மத்தியாஸ் கல்லின் ஓரத்தில் துளைமுனையை வைத்தார். தடதடவென்று பொறி பறந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'டிங்' என்று ஏதோ தெறித்தது.

மத்தியாஸ் இயந்திரத்தை நிறுத்தினார். துளைமுனை உடைந்திருந்தது.

"பேய்க்கல்லு! வேற முனை வண்டியில இருக்கு. எடுத்து மாட்ட அரை மணிக்கூர் ஆவும்" என்று முனகிக்கொண்டே போனார்.

அரை மணி நேரம். அவ்வளவுதான்.

அழக் கூடாது என்று ரெனிஷா எங்கோ பார்த்தாள். சிஜின் பாம்புக்கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தான். கல்லின் மேல் காய்ந்து கிடந்த ரப்பர் பால் துளிகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தான். பால் வாளியோடு ஒற்றைக் காலில் தாண்டும்போது எல்லாருக்கும் அங்கே கொஞ்சம் சிந்தும். காய்ந்த அந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றித்தான் சிஜின் பந்து செய்வான்.

அவன் ஒரு துண்டை மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டான். "ஏட்டி அக்கா, இஞ்ச பாரு! எனக்கு அம்மை போட்டிருக்கு!"

"சும்மா கெட..." என்று திரும்பிய ரெனிஷா அப்படியே நின்றாள்.

அவன் மூக்கில் ஒட்டியிருந்த துண்டில் குட்டிக் குட்டிப் புடைப்புகள். ஒழுங்கான வரிசையில்.

அதைப் பிய்த்தெடுத்தாள். "ஆ! என் மூக்கு!" என்று சிஜின் கத்தினான். அவள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு. கல்லில் ஒட்டிய பக்கம் முழுக்கப் புள்ளி. கல்லில் பள்ளமாக இருப்பது பாலில் மேடாக வந்திருந்தது!

"மேடம்! கண்ணுக்குத் தெரியாதது பாலுக்குத் தெரியுது!"

லட்சுமிப்ரியா அந்தத் துண்டை வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பாலில ஆசிட் கலந்திருக்கா?"

"பாலை உறையவச்சு ரப்பர் ஷீட் அடிக்கும்போதுதான் ஆசிட் ஊத்துவாங்க. இது மரத்துலேர்ந்து வந்த பச்சைப் பால். கல்லு அப்படியேதான் இருக்கு, பாருங்க. நாங்க தினமும் உரிக்கிறதுதான்."

அவர் பால் உரித்த இடத்தை உற்றுப் பார்த்தார். "இது உறுதியான கல்லு. ஒரு முழ நீளத்துக்கு மட்டும் தடவிப் பார்க்கலாம். நான் பக்கத்துல இருக்கேன். பால் எங்க?"

அப்போதுதான் ரெனிஷாவின் அம்மா பிரிஜா, காலையில் பட்டை கீறிவிட்ட மரங்களின் பாலைச் சேகரித்துக்கொண்டு வாளியோடு வந்தாள். வாளி நிறையப் பால்.

ஆனால் அந்தப் பால் ராஜையன் மாமாவுடையது. மரங்கள் அவருடையவை.

"மாமா..." என்றாள் ரெனிஷா. "ஒரு சிரட்டைப் பால் தருவியளா?"

"என்னத்துக்கு?"

அவள் சொன்னாள். மாமாவின் மீசை துடித்தது.

"கொள்ளாம், நல்லாருக்கு! என் பாலை எடுத்து என் வழியையே மறிக்கப் போறியா?"

"மாடு வரலைன்னா, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கன்னு நானே மத்தியாஸ் அண்ணன்கிட்ட சொல்லுவேன். வந்துதுன்னா... வழிக்கு நானும் யோசிக்கேன் மாமா. மாமிய மறுபடியும் நாற்காலியில தூக்க வேண்டாம்."

மாமா பதில் சொல்வதற்குள், பக்கத்திலேயே இருந்த அவர் வீட்டு வராந்தாவில் இருந்து ஒரு குரல் வந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கபாய் மாமிதான்.

"குடுக்கப்பிடாதா மனுசா! ஒரு சிரட்டைப் பால்தானே கேக்குது! எனக்குக் குடை பிடிச்ச பிள்ளைல்லா!"

மாமா வாளியைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். "ம்" என்றார்.

மணி பன்னிரண்டு பதினைந்து.

ரெனிஷா தேங்காய்ச் சிரட்டையில் பாலை எடுத்தாள். கல்லின் தூசியை ஊதினாள். விரலால் மெல்லத் தடவினாள். வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. அதன் மேல் இன்னொரு தடவை. கல் கொதித்தது.

"கை சுடுது!" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்லா?" என்று குதித்தான் சிஜின். "எரிமலை இன்னும் ஆறல!"

"அது வெயில்ல ஏறின சூடு" என்றார் லட்சுமிப்ரியா. "கறுப்புக் கல்லு வெயிலைக் குடிக்கும். நமக்கு நல்லதுதான், சீக்கிரம் காயும்."

"எத்தனை நேரம்?" என்றார் மாமா.

"வெள்ளை போயி தேன் நிறம் வந்தா காஞ்சாச்சு" என்றாள் பிரிஜா.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஓரம் மட்டும் லேசாக மஞ்சளானது. நடு இன்னும் வெள்ளை.

பன்னிரண்டு இருபத்தைந்து. திற்பரப்புப் பக்கம் இடி உருண்டது. ஐப்பசி மாத மழை சொல்லிவிட்டா வரும்? மலைப்பக்கத்திலிருந்து கரிய மேகம் ஒன்று எழுந்து வந்தது. மரங்களின் உச்சியில் நிழல் விழுந்தது. நிழல் ஒவ்வொரு மரமாக இறங்கி அவர்களை நோக்கி வந்தது.

"மழை விழுந்தா பால் கரைஞ்சு ஓடிடும்" என்றாள் பிரிஜா மெதுவாக.

சிஜின் தன் சட்டையைக் கழற்றி விசிறத் தொடங்கினான். லட்சுமிப்ரியா தன் நோட்டுப்புத்தகத்தால் விசிறினார். மத்தியாஸ் புது முனையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். விசிறுகிறவர்களைப் பார்த்தார். இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்ரசரின் காற்றுக் குழாயை மட்டும் இழுத்து வந்தார்.

"நகருங்க. பையப் பையத் தொறந்து விடுதேன்."

குழாயில் இருந்து வெறும் காற்று மெல்ல வீசியது. நடுவில் இருந்த வெள்ளை சுருங்கியது. உள்ளங்கை அளவு. பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவு.

பொட்டென்று ஒரு மழைத்துளி ரெனிஷாவின் கழுத்தில் விழுந்தது.

"இப்ப உரிச்சிரு மக்கா!" என்றாள் அம்மா. "மேல பவுடர் தூவு, இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்!"

"இந்தா, பிடி!" வராந்தாவில் இருந்து தங்கபாய் மாமியின் முகப்பவுடர் டப்பா பறந்து வந்தது. சிஜின் பாய்ந்து பிடித்தான். தூவினான். பாதி அவன் தலையிலேயே கொட்டியது.

ரெனிஷா ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள். ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தாள். 'சர்ர்' என்று மூலை கிழிந்தது.

சட்டென்று கையை எடுத்தாள்.

வேறு மூலையில் இருந்து தொடங்கினாள். இழுக்கவில்லை. சிஜின் உரிப்பது போலவே, விரலை அடியில் கொடுத்து, உருட்டி உருட்டி எடுத்தாள். தோல் உரிவது போலப் பால்தாள் மெல்ல எழுந்து வந்தது. கடைசி ஓரமும் விட்டது.

மழை சோவென்று இறங்கியது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். யாரும் ஒற்றைக் காலில் தாண்டவில்லை.

ரெனிஷா தாளைத் திருப்பினாள். மாமியின் பவுடரில் கொஞ்சம் அள்ளித் தேய்த்தாள். மேடான புள்ளிகளில் எல்லாம் வெள்ளை ஏறியது.

ஒரு கொம்பு. ஒரு திமில். நான்கு கால். பின்னால் இன்னொரு மாடு. இரண்டுக்கும் முன்னால், கையில் கோலோடு ஒரு குச்சி மனிதன்.

எல்லாரும் தாளின் மேல் குனிந்தார்கள்.

"கர்த்தாவே" என்றாள் தங்கபாய் மாமி.

"எவ்வளவு பழசு?" என்று கேட்டார் மத்தியாஸ். குரல் இறங்கியிருந்தது.

"இப்பவே சொல்ல முடியாது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலேயும் இருக்கலாம். பெரியவங்க வந்து பார்க்கணும்." லட்சுமிப்ரியா செருமிக்கொண்டார். "சார், இந்தக் கல்லைத் தொடக் கூடாது. இதை நான் எழுதியே ஆகணும்."

ராஜையன் மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மாடுகளையே பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ரெனிஷாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"செரி" என்றார் மாமா. "மாடு வந்துட்டு. வழி?"

ரெனிஷாவுக்கு வாக்கு நினைவிருந்தது. மழை விடும் வரைகூட அவள் காத்திருக்கவில்லை. வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவோடு பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு இடமும் அவளுக்குத் தெரியும். பாதையை விட்டு முப்பது அடி தள்ளி, மூன்று ரப்பர் மரங்கள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"மாமா! இஞ்ச கால் தடுக்காது! பாம்புக்கல்லு இங்க மண்ணுக்குள்ள இறங்கிப் போவுது!"

மத்தியாஸ் சுத்தியலோடு வந்தார். கறுப்புக் கல்லைத் தட்டினார். 'டங்' என்றது. மரத்தடியில் பாறையைத் தட்டினார். 'தொம்' என்றது.

"மக்கிப்போன பாறை. மண்வெட்டிக்கே வரும். நாளைக்குப் பொழுது சாயும் முன்னால ஆட்டோ போற வழி ஆயிரும்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா இந்த மூணு மரமும் போவணும்."

மூன்றும் நன்றாகப் பால் சுரக்கிற மரங்கள். மாமா மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார்.

வராந்தாவில் இருந்து மாமியின் குரல் மழையைத் தாண்டி வந்தது. "என்ன யோசனை? மரம் இன்னும் வைக்கலாம்! எனக்குக் காலு ரெண்டுதான் உண்டு!"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெட்டுவோம்" என்றார்.

திங்கட்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. புது மண்பாதையில் ஆட்டோ ஆடி ஆடி வந்தது. தங்கபாய் மாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் மாமி.

ஆறு வீட்டுக்காரர்களும் அங்கே குந்தியிருந்தார்கள். இளவெயில் மரங்களுக்கு நடுவே புகுந்து, கல்லின் மேல் படுத்துப் பாய்ந்தது. ஒவ்வொன்றாக மாடுகள் எழுந்தன. மொத்தம் பதினொன்று. முன்னால் கோல் பிடித்த மனிதன்.

"அவன் நடையைப் பாத்தியளா?" என்றார் ராஜையன் மாமா பெருமையாக. "எங்க குடும்பத்து ஆளு போலல்லா இருக்கு."

"அதான் நடுவழியில நிக்கான்" என்றாள் மாமி ஆட்டோவில் இருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். சிஜின் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பாம்புக்கல்லின் பக்கத்தில் போய், மாடு இல்லாத இடமாகப் பார்த்து, உள்ளங்கையை மெல்ல வைத்தான். இரவு மழையில் நனைந்த கல் சில்லென்று இருந்தது.

"ஆறிட்டு" என்றான் அக்காவிடம், திருப்தியாக.